சேமக்காலையின் கடற்பக்க வரிசை

போர் முடிவதற்கு இரண்டு வருஷம் முந்திய மாரியில், பெரும் புயலொன்று தீவுகளை அடித்துவிட்டுப் போனது. நான் அப்போது யாழ்ப்பாணத்து அலுவலகமொன்றில் தற்காலிக எழுதுவினைஞன். சேத விபரம் எடுக்க என்னை நெடுந்தீவுக்கு அனுப்பினார்கள். குறிகட்டுவான் துறையில் படையினரின் சோதனை முடிந்து படகில் ஏறியபோது என் பையில் ஒரு கட்டுப் படிவமும் அளவு நாடாவும் இருந்தன. வீடு, வள்ளம், வலை, மாடு, பயிர். படிவத்தில் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் கரையோரத் தேவாலய முற்றத்தில் மேசை போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வரிசையில் வந்து நின்றார். கணவர் கடற்றொழிலாளி. அவர்களுடைய வீட்டை முதல் நாளே பார்த்திருந்தேன். ஓர் ஓடுகூட அசையவில்லை.

“அக்கா, உங்கட வீட்டுக்கு ஒண்டும் நடக்கேல்லையே?”

“வீட்டுக்கு ஒண்டுமில்லைத் தம்பி. சேமக்காலைக்கு ஒருக்கா வாரும்.”

தேவாலயத்துக்குப் பின்னால், இறந்தவர்களை அடக்கம் செய்யும் அந்த நிலம் கடலைப் பார்த்தபடி கிடந்தது. கடற்பக்க மதிலைக் காணவில்லை. மதிலோரத்து முதல் வரிசைக் கல்லறைகளையும் காணவில்லை. இரண்டாம் வரிசையில் ஒரு சிறிய கல்லறையின் முன்னால் அவர் நின்றார்.

“என்ர மகள். ஒன்பது வயசு. காய்ச்சல். அப்ப சண்டையால கடல்பாதை மூடியிருந்தது. மூண்டு நாள் மடியில வைச்சுக்கொண்டு துறையில இருந்தனான். ஒரு வள்ளமும் வெளிக்கிடேல்லை.” பிறகு என் கையிலிருந்த நாடாவைக் காட்டினார். “அளந்து பாரும்.”

கல்லறையின் கால்மாட்டிலிருந்து மண் இடிந்த விளிம்புவரை அளந்தேன். பதினாலு அடி.

“எழுதும்.”

“இதுக்குப் படிவத்தில இடமில்லை அக்கா.”

“பின்பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு.”

பின்பக்கத்தில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் மேலதிகாரி அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை. “இதுக்குப் பெறுமதி என்னெண்டு போடுறது?” என்று கேட்டார். தாளைத் தனியே கழற்றி என்னிடமே தந்துவிட்டார்.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. உலகம் முழுக்க மனிதர் எரிக்கும் எரிபொருளால் கடல் சூடாகி உயர்கிறது, அதனால் வரும் இழப்பை அளக்கப் பழக வேண்டும் என்றார் வந்திருந்த விரிவுரையாளர். ஓரிடத்துச் சேதத்தில் மனிதரால் வந்தது எவ்வளவு, கடல் தன்பாட்டில் செய்தது எவ்வளவு என்று பிரிப்பதுதான் கடினம் என்றார். நான் எழுந்து கல்லறைகளைப் பற்றிக் கேட்டேன். “அதை அளக்க எங்களிட்ட இன்னும் ஒரு முறையில்லை,” என்றார்.

அந்த மாரி தொடங்குமுன் மறுபடி நெடுந்தீவுக்குப் போனேன். துறையிலேயே அந்தப் பெண்ணின் கணவரைக் கண்டேன். வலையை உதறிக்கொண்டிருந்தார்.

“நீர் அளந்துபோட்டுப் போனதிலயிருந்து இவளுக்கு நித்திரையில்லை,” என்றார். “ஒவ்வொரு நாளும் போய்க் காலடி வைச்சு எண்ணுறாள். முந்தியெண்டால் ஞாயிறுகளில ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்திடுவாள்.”

அந்த வார்த்தை என்னை இன்றுவரை விடவில்லை. கடல் எப்படியும் வந்திருக்கும்தான். அது இன்னும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதை ஒரு தாய்க்கு எண்ணிக் கொடுத்தவன் நான். எரிபொருள் புகையால்தான் கடல் உயர்கிறதென்று வகுப்பில் சொல்லித் தந்ததை அவருக்குச் சொன்னேன்.

அவர் தன் வள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். “இந்தச் சின்ன எஞ்சின் விடுற புகையுமே தம்பி?”

“இல்லை அண்ணை. இது ஒரு கணக்கே இல்லை.”

அவர் நம்பினாரோ தெரியாது.

மறுநாள் காலை தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரின் அனுமதியோடு மகளின் கல்லறையைத் திறந்தார்கள். கடல் அரிக்குமுன் எலும்புகளை எடுத்து ஊர்ப்பக்கத்து மேட்டில் வைப்பதாக ஏற்பாடு. கணவரும் இரண்டு அயலவர்களும் வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் போகுமுன்னே அடியிலிருந்து தண்ணீர் ஊறியது. வாளியால் இறைக்க இறைக்க நிறைந்தது. கணவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு,” என்றார். கடல் மேலால் வருகிறதென்று நாங்கள் அடி எண்ணிக்கொண்டிருந்தோம். அது கீழால் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

மத்தியானம்வரை தேடினார்கள். ஒரு பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பெண் குழிக்குள் இறங்கினார். சேலைத் தலைப்பில் இரண்டு கை ஈரமண்ணை அள்ளி முடிந்துகொண்டு ஏறினார். அந்த மண்ணை மேட்டில் புதைத்தார்கள். சுவாமியார் செபித்தார். கணவர் பழைய சிலுவையைக் கொண்டுவந்து நட்டார்.

பழைய குழியைத் தை பிறக்குமுன் கடல் எடுத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

போர் முடிந்த வருஷம், இறந்தோர் திருநாளுக்கு நானாகவே போனேன். மேட்டில் எல்லாக் கல்லறைகளிலும் திரி எரிந்தது. அந்தப் பெண் மகளுடைய சிலுவையடியில் ஒன்றைக் கொளுத்திவிட்டு, இன்னொன்றோடு பழைய குழி இருந்த பக்கம் தண்ணீரோரம் போய் நின்றார். காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினார். மறுபடியும் அணைந்தது. நான் அருகே போய்க் கையால் மறைத்துப் பிடித்தேன்.

“தம்பி, நீர் படிச்சனீர். சொல்லும்,” என்றார். “பிள்ளை இப்ப எதில கிடக்கிறாள்? மேட்டு மண்ணிலயோ, இந்தத் தண்ணியிலயோ?”