மின்சாரம் இருக்கும்போதே வந்த எச்சரிக்கை

"மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பேட்டரியில் இயங்குகிறேன்." இந்தச் செய்தி என் கைபேசிக்கு வந்தபோது தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து ஜூஸ் கடையில் மிக்ஸி ஓடும் சத்தமும் கேட்டது. தெருவில் எல்லோருக்கும் மின்சாரம் இருந்தது. எங்கள் சர்வர் பெட்டிக்கு மட்டும் இல்லையாம்.

திருப்பனந்தாளில் ஒரு ஸ்டுடியோவில் கணினிப் பொறுப்பு எனக்கு. எங்களுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் திருக்கடையூர் அறுபதாம் கல்யாணங்கள்தான். ஒரே நாளில் மூன்று ஜோடிகளுக்குக்கூட எடுத்திருக்கிறோம். நான் சேர்வதற்கு முன்பு குடும்பத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி, மேலே மார்க்கரால் ஊர்ப் பெயரை எழுதி, பீரோவில் அடுக்குவார்கள். மழைக்காலம் முடிந்து எடுத்துப் போட்டால் பத்தில் இரண்டு ஓடாது. முதலாளியை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். அவரிடம் ஆறு மாதம் பேசித்தான் நான்கு டிஸ்க் பொருத்திய அந்தப் பெட்டியை வாங்க வைத்தேன். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைத் திரும்ப எழுதிவிடும் என்று படம் போட்டு விளக்கினேன். பீரோவில் கிடந்ததையெல்லாம் அதில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்க்குகளை அழித்து கேமராக்காரர்களிடம் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா முதலில் கூலிக்கு நடவு வேலை பார்த்தவர், இப்போது குத்தகைக்கு மூன்று மா நிலம் பயிர் செய்கிறார். அம்மா வங்கியில் இன்னும் கைநாட்டுதான். அந்தப் பெட்டியின் ஆங்கிலக் கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை படித்தவள் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அதை மறைக்கவும் மாட்டேன்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த சமயத்தில் ஒரு டிஸ்க் செத்தது. நான் பதறவில்லை. கும்பகோணத்திலிருந்து புது டிஸ்க் வாங்கிப் போட்டேன். பெட்டி தன்னைத் தானே மறுபடி கட்ட ஆரம்பித்தது. அது முடிய ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் மற்ற மூன்றில் இன்னொன்று போய்விட்டால் எல்லாமே போய்விடும். வோல்டேஜ் கூடிக் குறைந்துதான் டிஸ்க் செத்திருக்கும் என்று நினைத்து, ஓடாமல் கிடந்த ஏ.சி.யின் ஸ்டெபிலைசரைக் கொண்டுவந்து மின்சாரம் போனால் பெட்டியைப் பேட்டரியில் ஓட்டும் யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் மாட்டினேன். எங்கள் பக்கத்தில் விலை உயர்ந்த சாமான் எதுவானாலும் அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் உண்டு. டி.வி.க்கு இருக்கும், ஃபிரிட்ஜுக்கு இருக்கும். வசதியிருந்தால் மாவு அரைக்கும் கிரைண்டருக்கும் இருக்கும். நானும் ஒன்றை மாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு முதல் எச்சரிக்கை வந்தது. பேட்டரிக்குப் போனால் ஒரு நிமிடத்தில் பெட்டி பாதுகாப்பாகத் தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே அமைத்திருந்தேன். அது சொன்னபடி கேட்டு அணைந்தது. மறுபடி இயக்கினேன். விட்ட இடத்திலிருந்து தொடரும் பெட்டிகளும் உண்டாம். எங்களுடையது மறுகட்டும் வேலையைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது.

அன்று நான்கு முறை அணைந்தது. மாலையில் யூ.பி.எஸ். கம்பெனிக்குப் போன் செய்தேன். பேசியவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே "பேட்டரி மாத்துங்க மேடம்" என்றார். மாற்றினேன். அடுத்த நாள் காலையிலும் அதே கதை. ஒரு நிமிடத்தைப் பதினைந்தாக்கினேன். பதினைந்து நிமிடம் தாங்கிவிட்டு அணைந்தது. கேபிளை மாற்றினேன். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் வந்தது மாலை ஐந்து மணிக்கு. மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "இருநூத்தி இருபது கோடு போட்ட மாதிரி நிக்குது. லைன்ல ஒண்ணுமில்லைங்க. உங்க பொட்டிக்குத்தான் கிறுக்கு புடிச்சிருக்கு" என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் இரண்டாவது டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறி வந்தது. படிக்க முடியாத இடங்கள் அதில் கூடிக்கொண்டிருந்தன.

அவசரத்துக்குப் படத்தை நகலெடுத்து வைக்க ஸ்டுடியோவில் ஒரே ஒரு காலி டிஸ்க் இருந்தது. பெட்டியில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அதில் கொள்ளாது. யாருடைய கல்யாணத்தை முதலில் காப்பாற்றுவது? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி இருந்தது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அறுபதாம் கல்யாணத்தில் நாங்கள் எடுத்த முகம்தான் பிற்பாடு கண்ணீர் அஞ்சலி பேனரில் வரும். மாலையும் பட்டுமாக, முகம் மலர்ந்து, நல்ல வெளிச்சத்தில் இருக்கிற படம் பல வீடுகளில் அது ஒன்றுதான். பேனருக்காக வீட்டார் வந்து கேட்ட படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தோம். அதைத் திறந்து வைத்துக்கொண்டு, இறந்துபோனவர்களின் கல்யாணங்களை ஒவ்வொன்றாக நகலெடுத்தேன். உயிரோடு இருக்கிறவர்கள் காத்திருக்கட்டும் என்று முடிவு செய்தேன். அதை முடிவு செய்ய எனக்கு என்ன உரிமை என்று யோசிக்க அப்போது நேரமில்லை.

அண்ணன் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா, இன்னும் பொய்தான் சொல்லுதா?"

"ஆமாண்ணே."

"யூ.பி.எஸ்.ஸுலேர்ந்து பொட்டிக்குப் போவுதே ஒரு சின்ன ஒயரு, அதுதானே கோள் சொல்றது? அதைப் புடுங்கிவுடு. கோள் சொல்ல ஆளில்லன்னா பொட்டி பாட்டுக்கு ஓடும்."

"நெசமாவே பேட்டரி தீந்தா அதுக்குத் தெரியாமப் போயிடும்ண்ணே. பொட்டுன்னு நின்னுடும்."

"இப்ப மட்டும் நிக்காமயா இருக்கு? பீரோவுல இருந்தப்ப பத்துல ரெண்டுதான் போச்சு. ஒன் படிப்புல பத்தும் போயிடும் போலருக்கே."

அந்த வார்த்தை சுட்டது. நான்காம் நாள் காலையில் அந்த வயரைப் பிடுங்கினேன். நம்பிக்கையோடு செய்யவில்லை, ரோஷத்தில் செய்தேன். பத்தரை மணி வரை பெட்டி ஓடியது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே வெளியே போனார். திடீரென்று யூ.பி.எஸ். நீளமாக ஒரு முறை கத்தியது. எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க்குகள் ஒரு முனகலோடு நின்றன. பேட்டரி உண்மையிலேயே தீர்ந்திருந்தது. மின்விசிறி மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது.

திரும்ப இயக்கியபோது பெட்டி எழுந்திருக்க இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்டால், ஆமாம். அது மெதுவாகத்தான் எழுந்தது. மஞ்சள் குறி ஆரஞ்சாகியிருந்தது.

வயரைத் திரும்ப மாட்டினேன். ஐந்தாம் நாள் எதையும் மாற்றவில்லை. ஒரு நோட்டை எடுத்து, பெட்டியின் பதிவேட்டில் இருந்த எச்சரிக்கை நேரங்களை வரிசையாக எழுதினேன். முதல் நாள் ஒன்பதேகால். இரண்டாம் நாள் ஒன்பது பதினேழு. மூன்றாம் நாள் ஒன்பது இருபது. இப்படித் தொடங்கி, மூன்று மணிக்கு மேல் ஒன்றுமில்லை. வயரைப் பிடுங்கிய நாள் தவிர எல்லா நாளும் அப்படித்தான். எலெக்ட்ரீஷியன் வந்த நேரத்தில் ஒரு எச்சரிக்கைகூட இல்லை.

நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்பா போன் செய்தார்.

"பாப்பா, த்ரீ பேஸ் வந்துட்டு. மோட்டார் ஓடுது, நான் மடையில நிக்கிறேன். அம்மா போனை எடுக்க மாட்டேங்குது. சாப்பாட்டைக் கொல்லைக்கே கொண்டாரச் சொல்லு."

"அப்பா, நானே இங்க செத்துட்டிருக்கேன், இப்பத்தான் சாப்பாடா…"

சொல்லி முடிப்பதற்குள் யூ.பி.எஸ். கத்தியது. மணியைப் பார்த்தேன். ஒன்பது பதினான்கு.

"ஏன் கத்துற? சாப்பாடுதானே கேட்டேன்."

"அப்பா, இந்த வாரம் பூரா ஒம்போது மணிக்குத்தான் த்ரீ பேஸ் வருதா?"

"ஒம்போதுலேர்ந்து மூணு. ஏன், நீ வந்து மடை மாத்தப் போறியா?"

எங்கள் பக்கத்தில் யாரும் மோட்டார் போடுவதற்கு வயலுக்குப் போவதில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி விட்டிருப்பார்கள். குறித்த நேரத்துக்கு மட்டும் கிடைக்கும் மும்முனை மின்சாரம் வந்தவுடன் சுற்று வட்டாரத்து பம்புசெட்டெல்லாம் ஒன்றாக எழுந்து நிற்கும். அணைத் தண்ணீர் வந்து சேராத நாட்களில் நாற்றங்காலுக்கு வேறு வழி இல்லை. வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். ஆனால் அதற்குத்தானே ஸ்டெபிலைசர் மாட்டினேன்?

மின்விசிறியை நிறுத்தினேன். எடிட்டிங் அறையில் ஓடிய நாதஸ்வரத்தை நிறுத்தச் சொன்னேன். ஜன்னலைச் சாத்தினேன். ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில் குனிந்து காதை வைத்தேன்.

டக். டக். உடனே யூ.பி.எஸ். கத்தியது. சற்று நேரம் அமைதி. டக்.

இறங்கிய வோல்டேஜை ஏற்ற ஸ்டெபிலைசர் உள்ளுக்குள் இணைப்பை மாற்றுகிறது. மாற்றும் கணத்தில் மின்சாரம் ஒரு நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் அறுபடுகிறது. மின்விசிறிக்கு அது தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. யூ.பி.எஸ்.ஸுக்குத் தெரியும். மின்சாரம் போய்விட்டது என்று பேட்டரிக்குத் தாவுகிறது. இணைப்பு நிலைத்ததும் திரும்பலாம் என்று அது காத்திருக்கும்போதே அடுத்த டக். இப்படி விடாமல் ஆடினால் எந்தப் புது பேட்டரியும் தீரும். பெட்டி பொய் சொல்லவில்லை. யூ.பி.எஸ்.ஸும் பொய் சொல்லவில்லை. டிஸ்க் செத்த அன்று என்னென்ன மாற்றினேன் என்று நூறு முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஸ்டெபிலைசர் ஒரு முறைகூட அந்தக் கணக்கில் வரவில்லை. பாதுகாப்புக்காகச் செய்ததை ஒரு மாற்றமாகவே என் மனது எண்ணவில்லை.

யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைப் பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டினேன். குறைந்த வோல்டேஜை அதுவே தாங்கிக்கொள்ளும். கையேட்டில் அது இருந்தது, நான் படித்ததுதான். அண்ணன் ஓடி வந்தார்.

"ஸ்டெபிலைசர் இல்லாமயா? ஏம்மா, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு வண்டி ஓட்டுனா விழ மாட்டோமா?"

"ஹெல்மெட்டு கண்ணை மறைச்சுதுண்ணே. மாட்டுனது நான்தான். அஞ்சு நாளும் என்னாலதான் போச்சு."

அவர் ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மூன்று மணி வரை எச்சரிக்கை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒன்றரை நாள் முடிந்து பச்சை விளக்கு எரிந்தது. கீழே ஒரு வரி: சில பகுதிகளைப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து ஓட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு குடும்பத்தில் உடைந்திருந்தது. வலங்கைமான் ஜோடி. ஹோமமும் கலசாபிஷேகமும் நன்றாக இருந்தன. தாலி கட்டும் இடம் வந்ததும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். இருவருமே உயிரோடு இருப்பவர்கள். அதனால்தான் நான் அவர்களை நகலெடுக்கவில்லை.

அண்ணன் அவர்களிடம் தானே பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று நானே போன் செய்தேன். மணப்பெண்ணாக உட்கார்ந்த அந்த அம்மா முழுவதும் கேட்டார்.

"படிச்ச பொண்ணு, பத்திரமா வச்சிருக்கும்னாங்களே உங்க மொதலாளி? அது நீதானா?"

"நான்தாம்மா. தப்பு என்னுதுதான். அன்னைக்கு வந்தவங்க செல்லுல எடுத்தது ஏதாச்சும் இருந்தா, நானே வந்து வாங்கி உங்களுக்குச் சேத்துக் குடுக்கிறேன்."

"வந்து பாரு" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பஸ் ஏறி வலங்கைமான் போனேன். அந்த அம்மா தங்கை மகளின் செல்லில் இருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். நாற்பது வினாடி ஓடியது. மேளம் நன்றாகக் கேட்டது. தாலி கட்டும் கை தெரியவில்லை. எங்கள் ஸ்டுடியோ பெயர் போட்ட நீலச் சட்டையோடு எங்கள் கேமராக்காரரின் முதுகுதான் திரை முழுவதும் நின்றது.

"உங்க ஆளுதான் மறைச்சுக்கிட்டு நிக்கிறான்" என்றார் அந்த அம்மா. "நல்லா எடுக்கட்டும்னு நாங்கதான் எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னோம்."

நான் அந்த நாற்பது வினாடியை நகலெடுத்துக்கொண்டேன்.