சின்னமுத்துவுக்குப் பசி எடுத்த கதை

குரங்கணிக்கு மேலே மலையில், முதுவர் பழங்குடி மக்களின் குடி ஒன்றில் ஏலத்தோட்டத்துக் களை எடுத்துப் பிழைப்பவர் சின்னமுத்து. வாயாடி. அவர் பேச்சுக் கொடுத்தால் லோடு ஜீப்பே நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். அண்ணனை ஆனை மிதித்துக் கொன்ற பிறகு அந்த வாய் பூட்டிக்கொண்டது. சோறும் இறங்கவில்லை. குடியில் சாமியாடிக் கேட்டார்கள். கீழே டாக்டரிடமும் காட்டுங்கள் என்று உத்தரவு வந்தது. சாமியே சொன்ன பிறகு மச்சினன் வீரணன் அவரைப் போடிக்கு அழைத்து வந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டாக்டர் ஜக்கையன் ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்தினார். மனசு நோய்க்கும் படித்தவர். அங்கே நர்சு, என் சித்தி சந்திரவல்லி. சின்னமுத்துவுக்கு அவள் ராஜ மரியாதை செய்தாள். பேன் இருக்குமென்று தலைப்பாவை அவிழ்த்துத் துவைத்துப் போட்டாள். தனி அறை, தனி எவர்சில்வர் தட்டு. அவரோ அவளைக் கண்டாலே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. குளுக்கோஸ் ஏறியது, ஆள் இறங்கிக்கொண்டே போனார்.

சித்தி வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் செருப்பை ஒளித்து வைப்பது என் அன்றாடச் சோலி. அந்த வாரம் வாசலில் நேராக எடுத்து வைத்தேன். அதற்கும் சந்தேகப்பட்டு, தேள் கீள் போட்டிருக்கிறேனா என்று உதறிப் பார்த்தாள்.

கடைசியில், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வழி என்றார் டாக்டர். விடிந்தால் ஜீப்பு. அத்தனை தூரம் போன மச்சான் திரும்ப மாட்டார் என்று வீரணன் அழுதான். அவனைத் தேற்ற உட்கார்ந்த டாக்டர், குடியில் அவர் எப்படி இருப்பார் என்று கேட்டார். சாவடியில் ஆம்பளைகள் ஒரே வட்டிலைச் சுற்றி உட்கார்ந்துதான் உண்பார்கள், அண்ணனும் அவரும் பக்கத்துப் பக்கத்தில், தனித் தட்டென்றால் ஆளை ஒதுக்கின மாதிரி என்றான் வீரணன். தலைப்பா கட்டின வயசிலிருந்து வெறுந்தலையோடு பெண்கள் முன்னால் முகம் காட்டுவதும் கிடையாதாம்.

"இத ஏம்ப்பா முன்னமே சொல்லல?"

"ஆஸ்பத்திரிச் சட்டம் இதுண்டு நெனச்சோம் டாக்டரய்யா. எங்க குடிக்கு நீங்க வந்தா எங்க சட்டத்துக்கு நிப்பீகல்ல? அது மாதிரி."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சித்தி எழுந்துபோய்க் கொடியில் கிடந்த தலைப்பாவை எடுத்து வந்தாள். தானே கட்டிவிடப் போனவள், சட்டென்று வீரணன் கையில் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டாள். டாக்டர் பெரிய தாம்பாளத்தில் கேப்பைக் களியைக் கொட்டிக் குழம்பை ஊற்றச் சொல்லி, சின்னமுத்துவின் அறையில் அவருக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டார். காலையிலிருந்து சாப்பிடாத மனுஷர். வைத்தியத்தை மறந்து உருட்டி உருட்டி உள்ளே தள்ளினார்.

சின்னமுத்து தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் உட்காரும் பக்கத்தில் டாக்டர். கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. பிறகு கை நீண்டது.

"மெள்ளத் தின்னு டாக்டரே. எனக்கும் வேணும்ல."

கதவுக்கு வெளியே சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விடிந்து வந்த ஜீப்பை டாக்டர் மெட்ராசுக்கு விடவில்லை. கொஞ்ச நாளில் ஆள் தேறியதும் அதே ஜீப்பு அவரைக் குரங்கணிக்கு ஏற்றிப் போனது. மாத்திரையை அவர் இன்னும் விடவில்லை. டாக்டர் மாசா மாசம் மேலே போகிறார். வைத்தியம் சாவடியில், வட்டிலைச் சுற்றித்தான். அண்ணன் பேச்சு வரும், அழுகையும் வரும், கை மட்டும் வட்டிலை விட்டு எழாது.

போன தடவை டாக்டர் போடி வந்து சேர இருட்டிவிட்டது. வழியில் சின்னமுத்து ஜீப்பை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாராம்.