கொழுந்து லொறியும் நான்கு எலுமிச்சம்பழமும்

வீல் அலைன்மென்ட் கடைக்கு வருகிற யாரும் தன் வண்டியில் பிழை இருப்பதாகச் சொல்வதில்லை. எல்லாப் பிழையும் ரோட்டில்தான். ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்க, அதோடு மல்லுக்கட்டி ஓட்டுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி; நான் மல்லுக்கட்டுவது வண்டிக்காரர்களோடு. கத்தாரில் பதினைந்து வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் கடை போட்டேன். மலை ரோட்டைவிட, அதில் ஓட்டுகிறவர்களைப் புரிந்துகொள்ளத்தான் நாள் பிடித்தது.

வெளியே புதுசு

பூண்டுலோயா தினேஷ் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரில் வந்தார். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டி, வண்டியைத் தரையோடு பதித்திருந்தார். முன் டயர்கள் வெளியே புதுசு. உள்விளிம்பில் கையை விட்டால் கம்பி குத்தியது. சக்கரங்கள் உள்பக்கம் சாய்ந்து, அந்த விளிம்பிலேயே ஓடியிருக்கின்றன. அடுத்த மாதம் கல்யாணம். நோட்டன் பிரிட்ஜிலிருந்து பெண்ணை இதே காரில்தான் அழைத்துவர வேண்டுமாம். பெண்ணின் அப்பாவோ முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "டயரப் பாக்காம மகள ஏத்த மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம்.

பழைய அளவு ஸ்பிரிங் போட்டு உயர்த்தினால்தான் சரிவரும் என்றேன். தினேஷின் முகம் வாடிவிட்டது.

"ஒசத்திட்டா அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லண்ணே, தேயிலை ஏத்துற கொழுந்து லொறி!"

பத்தே நாள்

உயர்த்தாமல் புது டயர் மட்டும் போட்டுக்கொண்டு போனவர் பத்தாம் நாள் திரும்பி வந்தார். உள்விளிம்பு மறுபடியும் தேயத் தொடங்கியிருந்தது. திரையில் சிவப்பாக மின்னிய எண்களைக் காட்டினேன். என் மிஷின் கத்தார் ரோட்டுக்குச் செய்ததாம், மலைக்குச் சரிவராதாம். என்னோடு வேலை செய்யும் நிமல், தம்பியைச் சிங்களத்தில் 'மல்லி' என்றே கூப்பிடுகிறவர், காருக்கு அடியிலிருந்தே கேட்டார்:

"மல்லி, கார் பெட்ரோல் குடிக்கிறது சரி, டயர் ஏன் சாப்புடுது?"

கோயில் வாசலில்

கல்யாணத்துக்கு முந்திய வாரம் இறம்பொடைக் கோயிலில் காருக்குப் பூஜை. என்னையும் கூப்பிட்டார் தினேஷ்; மாமனார் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமே. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கார் நகர்ந்தது. பின்னால் இரண்டும் சட்டென்று நசுங்கின. முன்னால் வெளிவிளிம்பில் வைத்த இரண்டும் டயருக்கு அகப்படாமல் வழுக்கி, முழுசாக உருண்டு போயின.

தினேஷ் என்னைப் பார்த்தார். நான் எதிர்மலை அருவியைப் பார்த்தேன். மாமனார் வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து, டயரின் உள்பக்கத்தைத் தடவிவிட்டு எழுந்தார்.

"பழத்தையே நசுக்காத டயரு, பிரேக் போட்டா ரோட்டப் புடிக்குமா மாப்பிள?"

பெண் எடைக்கு

மறுநாளே ஸ்பிரிங் மாறியது. முன்னுக்கு இரண்டு புது டயர். ஆள் ஏறினால் கோணம் கொஞ்சம் மாறும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "மக எடைக்கு நான் ஒக்கார்றேன்" என்று மாமனார் ஏறிக்கொண்டார். இரண்டு மகள் எடை இருப்பார். ஆனாலும் திரை முழுக்கப் பச்சை.

கல்யாணம் முடிந்து போகிற வழியில் கார் என் கடை வாசலில் நின்றது. மணப்பெண் இறங்கி, மாலையை ஒதுக்கிக் குனிந்து, டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தார். அப்பாவின் மகள்! "எனக்கு இது இப்பவும் கொழுந்து லொறிதாண்ணே" என்று முனகினார் தினேஷ். மணப்பெண் சிரித்தார்.

"இருக்கட்டுமே, பட்டுச்சேலையோட ஏறி எறங்க முடியுதுல்ல!"

இப்போதெல்லாம் என் திரையை நம்பாதவர்களோடு நான் வாதாடுவதில்லை, நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொல்லிவிடுகிறேன்.