நீலக்கிளிக்குத் திருஷ்டி கழித்தவர்

மலேசியாவில், ஜெலாப்பாங்கில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஈப்போவில் ஒரு பெரிய வீட்டில், கிளி கடித்து வளைத்துவிட்ட கூண்டுக் கதவை மாற்றப் போனேன். அந்த வீட்டுக்காரர் மேல் இன்றுவரை எனக்கு மரியாதை வரவில்லை.

நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் தடித்த தங்கச் சங்கிலி. யார் கிளியைப் பார்த்தாலும் உடனே எலுமிச்சம்பழத்தால் கூண்டை மூன்று முறை சுற்றுவார். நான் போனதும் என் கண்ணுக்கும் சேர்த்துச் சுற்றினார்.

உள்ளே என் கை நீளத்துக்கு ஒரு நீல மக்காவ் கிளி. நெஞ்சில் ஓர் இறகுகூட இல்லை. தானே பிடுங்கிக்கொண்டிருந்தது.

"பாக்கிறவன் எல்லாம் கொள்ளிக்கண்ணு லா," என்றார். "பிரேசில் காட்டுல இதுங்க ஜோடியாதான் பறக்கும், தெரியுமா?"

எனக்கு அதிகம் பேச வராது. இருந்தும் கேட்டுவிட்டேன். "அப்ப இன்னொன்னு வாங்கி விடலாமே அண்ணே? தனியா இருக்கிறதாலதானே இறகைப் பிச்சுக்குது?"

"ரெண்டு இருந்தா அதுங்களே பேசிக்கும், நம்மகிட்ட பேசாது லா. நீ கதவ மாட்டு. அதப் பாக்காத!"

மாட்டினேன். வளையாத கம்பி என்று தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். பிறகு, இனி யார் கண்ணும் படக்கூடாது என்று கூண்டு முழுவதையும் கறுப்புத் துணியால் மூடினார்.

உள்ளே இருட்டிலிருந்து கிளி, "வணக்கம் பாஸ்," என்றது.

அவர் முகமெல்லாம் சிரிப்பாக, அந்தத் துணியைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம்மா, வணக்கம்," என்றார்.