லூர்துசாமியின் மைக்

கடலூர் முதுநகரில் லூர்துசாமியின் ஆட்டோவைத் தெரியாதவர்கள் கிடையாது. மேலே இரண்டு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே மைக்கும் கையுமாக அந்த மனிதர். கோயில் திருவிழா, கண் சிகிச்சை முகாம், புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை, சாவு, எதுவானாலும் ஊருக்குச் சொல்வது அவர்தான்.

கொரோனா வந்த முதல் வருடம் முழுக்க, "பொதுமக்கள் யாரும் வெளியே வர வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு போனார். மறுவருடம் தேர்தல் வந்தது. அதே குழாய், அதே குரல்: "அலைகடலெனத் திரண்டு வாரீர்!" காலையில் ஒரு கட்சிக்கு, மாலையில் எதிர்க்கட்சிக்கு. நோய் மறுபடி ஏறுகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடையில் இருந்தவர்களோ மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டுக் கும்பிடு போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

"ஏன் மாமா, போன வருசம் வராதன்ன, இப்ப வான்னு சொல்ற. எதைத்தான் கேக்கறது?" என்று மடக்கினேன்.

"எழுதிக் குடுக்கறதைப் படிக்கிறேன்டா. என்னைக் கேட்டா கூட்டம் போடறான்?" என்றார்.

அவர் மனைவி நித்யா மேரி மகளிர் குழுவில் இருந்தார். குழுவில் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று தலைவி சொல்லிவிட்டாள். மினி லாரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போனார்கள். ஓட்டுப் போட்டு முடிந்த கையோடு நித்யா மேரிக்குக் காய்ச்சல். தெரிந்தால் வாசலில் தகரம் அடித்து வீட்டை மூடிவிடுவார்கள், தெருவே ஒதுக்கிவிடும் என்ற பயம். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம், "ஜொரம்லாம் இல்லம்மா, ஒடம்பு சூடு" என்று சொல்லி அனுப்பிவிட்டு இளநீர் குடித்தார்.

மூச்சு வாங்கத் தொடங்கியபோது கடலூரில் எங்கே கேட்டாலும் படுக்கை இல்லை. லூர்துசாமி தன் ஆட்டோவிலேயே மனைவியைப் படுக்கவைத்துச் சிதம்பரத்துக்கு ஓட்டினார். அங்கே ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை. ஒரு படுக்கை காலியாகட்டும், பொறுங்கள் என்றார்கள். பொறுத்தார். அவர் மடியிலேயே அந்த உயிர் போய்விட்டது. உடலைப் பொட்டலமாகக் கட்டி, நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

வீடு திரும்பும்போது அவருக்கே உடம்பு கொதித்தது. உறவுக்காரர்கள் சிலர் துக்கம் கேட்க வருவதாகப் போன் செய்தார்கள். தன்னால் இன்னொரு உயிர் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் அவர் நினைப்பு. மைக்கை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்.

"என் மனைவி நித்யா மேரி எறந்துட்டாங்க. எனக்கும் ஜொரம் இருக்கு. தயவு செஞ்சு யாரும் துக்கத்துக்கு வராதீங்க."

பாவி மனிதர், அங்கேதான் தப்புச் செய்தார். எங்கள் ஊரில் சாவுச் சேதி காதில் விழவில்லை என்றால் போகாததற்கு மன்னிப்பு உண்டு. மைக்கில் சொன்ன சாவுக்குப் போகாதவன் மனுஷனே இல்லை. போவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவர் குரலைக் கேட்டதும் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தால் வாசல் கொள்ளாத கூட்டம். "கையெடுத்துக் கும்பிடறேன், போயிடுங்க" என்றார். குரல் உடைந்தது. குரல் உடைந்ததைக் கேட்டுச் சனம் இன்னும் கிட்டே வந்தது.

எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்தவள் நித்யா மேரியின் தங்கை ஆரோக்கிய ஜெனிபர். நிறைமாதம்.

"தனியா அழுவ வுட்டுட்டு எப்புடி மாமா போறது?" என்று அவரைக் கட்டிக்கொண்டாள்.

அவளைத் தள்ளிவிடத்தான் கையைத் தூக்கினார். கையில் தெம்பில்லை. "கிட்ட வராத புள்ள, கிட்ட வராத" என்று சொல்லிக்கொண்டே அவள் தோளில் சாய்ந்து அழுதார்.