அக்கா யாருக்கு ஓட்டுப் போட்டார்?

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும், பஸார்த் தோழிகளுக்கும், கோயில் அன்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது. துக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு பொய்யைத் திருத்த வேண்டியிருக்கிறது. அக்கா இறந்த மறுநாள் பத்திரிகையில் வந்த அறிவிப்பில், அவரை ஒரு கட்சியின் நெடுநாள் தொண்டர் என்று போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னொரு பத்திரிகையில், எதிர்க்கட்சியின் உறுதியான ஆதரவாளர் என்று வந்தது. இரண்டையும் குடும்பத்தார் கொடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை அவரை அசைக்க முடியாதவர்கள், அவரால் பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்துத் தங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் கண்ணீரோடு கொஞ்சம் காரமும் இருக்கும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நம் தீவின் தெற்கே இருக்கும் சுரினாம் என்ற ஊரில், சர்க்கரைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா கரும்பு வெட்டினார், அம்மா களை எடுத்தார். அக்கா மூத்தவர், நான் கடைக்குட்டி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. தீவெங்கும் தோட்டத் தொழிலாளர்கள் கத்தியைக் கீழே போட்ட காலத்தில், அப்பாவும் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தார். தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளரான சிர்தார் வந்து, விடிந்ததும் வயலில் நிற்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா போய் நிற்கவில்லை. சட்டி பானைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ரிவியேர் தே ஸாங்கீய்க்கு வந்து சேர்ந்தோம். அக்கா கோழிக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார். வழியெல்லாம் அழுதது நான்தான். அக்காவுக்கு அழவே தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த ஊர்ப் பஸாரில்தான் அவர் வாழ்க்கை முழுவதும் கழிந்தது. காலையில் கீரையும், ஷூஷூ என்கிற சௌசௌக் காயும் விற்பார். பத்து மணிக்கு மேல் அடுப்பை மூட்டிக் கத்தோ பிமா போடுவார். நாம் பருப்பு வடை என்று சொல்வதுதான் அது. கரும்பு லாரி ஓட்டிய அத்தான் அந்த வடைக்காகத்தான் தினமும் லாரியை அங்கே நிறுத்தினார் என்று ஊரே கேலி செய்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவர் நிறுத்துவதை விடவில்லை. வடைக்குக் காசு கொடுப்பதை மட்டும் விட்டுவிட்டார். என்னைப் படிக்க வைத்தவர்கள் இந்த இருவர்தான். இன்று நான் தலைநகரின் டிராங்கெபார் பகுதியில் குடியிருந்துகொண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால், அதற்கு அக்காவின் வாணலி காரணம்.

எந்த மொழியானாலும் சரி, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஓட்டு உண்டு என்று சட்டம் வந்தபோது அக்காவைப் பிடிக்க முடியவில்லை. கோயிலில் சிறுவயதில் கற்ற தமிழ் எழுத்து அவருக்கு மறக்கவில்லை. பஸாரில் இருந்த பெண்களை விடவில்லை. காய்கறிப் பெட்டியின் பலகையைத் திருப்பிப் போட்டு, அடுப்புக்கரியால் எழுத வைத்தார். பெயரைப் பதிய அதிகாரிக்கு முன்னால் எழுதிக் காட்டிவிட்டு, வெளியே வந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள் என்று அத்தான் சொல்வார். அந்த நாட்களில் அக்கா ஒரு கட்சியை உயிராக நம்பினார். அப்பாவை வீட்டை விட்டு வெளியேற்றியவர்களை அது கேள்வி கேட்டது என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. கூட்டம் நடந்தால் முன்வரிசையில் நிற்பார். தலைவர்கள் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அதையெல்லாம் மறைத்து எழுத நான் விரும்பவில்லை. நம்பியது தவறு என்று அக்காவும் ஒருநாளும் சொன்னதில்லை.

கட்சி ஜெயித்தது. பஸார்ப் பெண்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாயும், ஒதுங்க ஒரு கழிப்பறையும் வேண்டும் என்று அக்கா கேட்டார். எங்கள் வீட்டு ரசத்தைப் புகழ்ந்து புகழ்ந்து குடித்த அதே மனிதர்தான் பதில் சொன்னார். அடுத்த தேர்தலுக்கு உங்கள் சனங்களை ஒற்றுமையாக வைத்திருங்கள், குழாயை அப்புறம் பார்க்கலாம் என்றார். அதற்கு அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வந்தார். அவர் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை. நம்ம ஆளுங்க, நம்ம ஆளுங்க என்றே பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அக்கா தேநீர் கொடுத்தார். அவர்கள் போன பிறகு அத்தானிடம் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"கட்சிங்கிறது உங்க லாரி மாதிரி. கரும்பு ஏத்தறதுக்கு வேணும். அதுக்காக வீட்டுக்குள்ள கொண்டாந்து நிறுத்துவாங்களா?"

அன்று முதல் அக்கா எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. ஓட்டுப் போடுவதை மட்டும் விடவில்லை. தேர்தல் நாளில் குளித்து, நல்ல சேலை உடுத்தி, முதல் ஆளாக வரிசையில் நிற்பார். யாருக்குப் போட்டாய் என்று அத்தான்கூடக் கேட்டதில்லை.

இப்போது கோயிலுக்கு வருகிறேன். சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று தீவே இரண்டாகக் கிழிந்து நின்ற அந்தக் கடைசித் தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும் யாரும் கலைய வேண்டாம் என்று கோயில் தலைவர் அறிவித்தார். அவர் பக்கத்தில் கட்சிக்காரர் ஒருவர் நின்றார். எந்தக் கட்சி என்று எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்து ஊர்களில் மற்றக் கட்சியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. கற்பூரத் தட்டு ஒவ்வொரு குடும்பமாக வந்தது. எரியும் கற்பூரத்தின் மேல் கையை வைத்து, நானும் என் வீட்டாரும் இந்தக் கட்சிக்கே ஓட்டுப் போடுவோம் என்று சாமி முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். நம்மவர்கள் காகிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள், கற்பூரத்தை மீற மாட்டார்கள் என்பது அந்த மனிதர்களுக்கு நன்றாகத் தெரியும். சத்தியம் செய்தவர்களில் பலர் தலையை நிமிர்த்தவில்லை.

தட்டு அக்காவிடம் வந்தது. அவர் மறுக்கவில்லை. கையை நீட்டிக் கற்பூரத்தின் மேல் வைத்தார்.

"நான் போடற ஓட்டை இந்த முருகனுக்குத் தவிர வேற யாருக்கும் சொல்ல மாட்டேன். இது சத்தியம்."

கட்சிக்காரர் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அடுத்து நின்ற அத்தான் அதே வார்த்தைகளைச் சொன்னார். அன்று எனக்கு அக்காவை நினைத்துப் பயமும் வந்தது, பெருமையும் வந்தது. எது அதிகம் என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அதன் விலை அக்காவுக்குத் தெரியும். அரசாங்கத்தில் ஓட்டுநர் வேலைக்காக அக்கா மகனின் பெயர் போயிருந்தது. அந்தப் பேச்சு அத்தோடு நின்றுபோனது. பையன் சில வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதுதான் அக்கா அழுததை நான் பார்த்தேன், சமையலறையில், கீரைக்கட்டை அவிழ்த்தபடி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

பெரிய அடி தைப்பூசத்தில் விழுந்தது. அத்தான் லாரியிலிருந்து விழுந்து பிழைத்ததற்காக மூன்று வருடம் பால்செம்பு எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் எடுத்தாயிற்று. இது கடைசி. அதற்குள் வயிற்றில் நோய் வந்துவிட்டது. அடுத்த தைப்பூசம் தனக்கு இல்லை என்பதை டாக்டர் சொல்லாமலே அவர் தெரிந்துகொண்டிருந்தார். விரதம் தொடங்கும் சமயத்தில் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். கோயிலோடு ஒத்துப்போகாதவர்கள் காவடி எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. அக்காவிடம் கெஞ்சாத குறையாகப் பேசினார்.

"ஒரே ஒரு வார்த்தை அக்கா. நம்ம கட்சிக்குத்தான் போட்டீங்களா? வீன்னு சொல்லுங்க. ஃபினி, எல்லாம் முடிஞ்சுது."

வீ என்றால் ஆம். அக்கா உண்மையிலேயே அந்தக் கட்சிக்குத்தான் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்த ஒரு வார்த்தையில் பொய்யும் இல்லை. வேண்டுதல் நிறைவேறியிருக்கும், பையனுக்கு வேலையும் கிடைத்திருக்கும்.

"ஆமான்னாலும் சொல்ல மாட்டேன், இல்லைன்னாலும் சொல்ல மாட்டேன் தம்பி" என்றார் அக்கா. "நீ கேட்டதே தப்பு. டீ ஆறிப்போகுது, குடி."

காவடி நாளன்று அக்காவும் நானும் ஆற்றங்கரைக்குப் போனோம். இளஞ்சிவப்பு உடையில் கூட்டம் நிறைந்திருந்தது. எங்களுக்குப் பூசை செய்து கொடுக்க யாரும் வரவில்லை. அக்கா தானே செம்பைக் கழுவி, தானே பாலை ஊற்றி, தானே கற்பூரம் காட்டித் தலையில் வைத்துக்கொண்டார். ஊர்வலத்தின் வாலில், நிர்வாகத்துக்குச் சங்கடம் தராத தூரத்தில் நடந்தோம். வெயில் தாரை உருக்கியது. இரண்டு இடத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. செம்பை நான் பிடிக்கிறேன் என்றேன். தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

கோயில் வாசலில் தொண்டர்கள் கைகோத்து எங்களை மறித்தார்கள். அக்கா ஓரமாக ஒதுங்கி நின்றார். அப்போது நாங்கள் எதிர்பாராதது நடந்தது. பின்தங்கி வந்துகொண்டிருந்த காவடிக்காரர் ஒருவர் வாசலுக்குள் போகாமல் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். நாக்கில் வேல் குத்தியிருந்ததால் அவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவரும் நின்றார். அவர் நாக்கிலும் வேல்தான். அதன்பிறகு பால்செம்போடு வந்த பஸார்ப் பெண்கள், ஒருகாலத்தில் பெட்டிப் பலகையில் கரியால் பெயர் எழுதிப் பழகியவர்கள், ஒவ்வொருவராக அக்காவைச் சுற்றி நின்றுவிட்டார்கள். தோளில் காவடியும் உடம்பில் ஊசியுமாக மனிதர்கள் நடு வெயிலில் நிற்கிறார்கள். உள்ளே மேளம் அடித்துக்கொண்டே இருக்கிறது. யார் எந்தக் கட்சி என்று அங்கே யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவர்களில் தலைகுனிந்து சத்தியம் செய்தவர்களும் இருந்தார்கள்.

கடைசியில் பூசாரி வெளியே வந்தார். கோயில் தலைவர் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினார். பூசாரி அவரைப் பேச விடவில்லை.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்னு அந்தம்மா இங்கதான் கற்பூரத்துல சத்தியம் பண்ணாங்க. அதை மீறச் சொல்லி முருகனே கேக்கலை. நீங்க யார் கேக்கறதுக்கு?"

செம்பை அவரே அக்காவின் தலையிலிருந்து இறக்கி வாங்கினார். அந்தப் பால் சாமிக்கு அபிஷேகமாவதை அக்கா கண்ணால் பார்த்தார். பிறகு எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து, வாழையிலையில் ஏழு கறியும் வாங்கினார். நோய் வந்த பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

தீவுக்குச் சுதந்திரம் வந்த நாளில் அக்கா படுக்கையில் இருந்தார். வானொலியைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி முழுவதையும் கேட்டார். கொடி ஏறியதும், என்னைத் தூக்கி உட்கார வை என்றார். உட்கார்ந்து கும்பிட்டார். தீவுக்கு விடுதலை கிடைத்துவிட்டது, இனி நமக்கும் கிடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். கடைசி வாரத்தில் அத்தான், இப்போதாவது என்னிடம் சொல்லேன் என்று வேடிக்கையாகக் கேட்டார். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் என்றைக்காவது கேட்டேனா என்று அக்கா சிரித்தார். வலிக்கு நடுவில் வந்த அந்தச் சிரிப்பை அத்தான் இன்னும் சொல்லிச் சொல்லி அழுகிறார்.

இறுதி யாத்திரைக்கு இரண்டு கட்சிகளும் மலர்வளையம் கொண்டுவந்தன. பெயர் எழுதிய ரிப்பன்களைக் கழற்றிவிட்டுப் பூவை மட்டும் வைத்தோம். பூ என்ன பாவம் செய்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. அக்கா படுத்த நாள் முதல் அவர் கடையை மூட விடாமல் முறை வைத்து நடத்திய பஸார்த் தோழிகளுக்கு நன்றி. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியருக்கு நன்றி. வெயிலில் நின்ற காவடிக்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பூசாரி ஐயாவுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கோயில் தலைவரும் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார், வழியெல்லாம் தோள் மாற்றவில்லை. அவருக்கும் நன்றி. தமிழ் படிக்க வராத இளையவர்களுக்கு அக்கா மகன் இதை இன்று கிரியோல் மொழியில் சொல்லுவான். அம்மாவைப் பற்றி நானே சொல்கிறேன் என்று அவனாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கடைசியாக ஒன்று. இந்த நினைவு மலரை அச்சடிக்கும் செலவை ஏற்றுக்கொள்வதாக ஒரு கட்சி சொல்லி அனுப்பியது. பின்னட்டையில் தலைவரின் படமும் இரங்கல் செய்தியும் வந்தால் போதுமாம். இரண்டு நாள் கழித்து மற்றக் கட்சியும் அதே பின்னட்டையைக் கேட்டது. இப்போது உங்கள் கையில் இருக்கும் மலரைத் திருப்பிப் பாருங்கள். பின்னட்டை வெள்ளையாக இருக்கும். அச்சகத்தார் மறந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை அப்படியே விடச் சொன்னது நாங்கள்தான்.