புங்குடுதீவில் கடை பூட்டிய நாள்

செவ்வாய்க்கிழமை, காலை எட்டே முக்கால். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் புறப்படக் காத்து நிற்கிறது. வவுனியாவிலிருந்து விடிவதற்கு முன் ஏறிய களைப்பு இன்னும் போகவில்லை. வைகாசி வெயில் அதற்குள் தகரக் கூரையைச் சுடத் தொடங்கிவிட்டது.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் ஊர்ப் பழைய கடைத்தெரு. அங்கே பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. மீதிக் கடைக்காரர்கள் சிலர் கூடி, வாடகைச் சலுகை கொடுத்தாவது தெருவை மறுபடி எழுப்ப வேண்டும் என்று பேசினார்கள். அப்படி ஒரு திட்டம் புங்குடுதீவில் ஓராண்டாக நடக்கிறது என்று யாரோ சொல்ல, "நீங்கள்தான் எல்லாத்தையும் திகதி போட்டு எழுதி வைக்கிறவர், ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்று என்னை அனுப்பினார்கள்.

திட்டத்தின் விவரங்களை முன்பே வாசித்திருந்தேன். தீவில் பிறந்து வெளிநாடுகளில் வாழ்பவர்கள் சேர்ந்து ஒரு நிதியம் நடத்துகிறார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். இடிந்து கிடந்த தங்கள் முன்னோரின் கடைவரிசையில் ஐந்து கடைகளைத் திருத்தி, தீவை விட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வந்து அவற்றை நடத்தலாம் என்று அறிவித்தார்கள். முதல் ஆண்டு வாடகை இல்லை, மின்சாரம் இலவசம், சாமான் வாங்க உதவித்தொகை. ஆண்டு முடிவில் ஒரு பரிசீலனை. அதில் தேறினால் பத்தாண்டுக் குத்தகை. நிபந்தனை ஒன்றுதான்: தைப்பொங்கல், வருடப்பிறப்பு போன்ற பெருநாட்களைத் தவிர, ஆண்டில் இருபது நாட்களுக்கு மேல் கடை பூட்டியிருக்கக் கூடாது. திறக்காத கடையால் தெரு எழும்பாது. விதி நியாயமானதாகவே எனக்குப் பட்டது. அப்படியே எங்கள் ஊருக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணியபடிதான் பஸ் ஏறினேன்.

நடத்துநர் வந்தார்.

"எங்க இறங்கிறியள், அண்ணை?"

"புங்குடுதீவில புதுசாத் திருத்தின கடையள் இருக்காம்..."

"கமராச் சந்தி எண்டு சொல்லுங்கோ." நூற்று முப்பது ரூபாவுக்குச் சீட்டுக் கிழித்தார். "சிரிச்ச முகத்தோட இறங்குங்கோ. கனடாவில ஆக்கள் பாத்துக்கொண்டிருப்பினம்."

பண்ணைப் பாலம் கடந்தது. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை. அதற்கப்பால் கடலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு வீதி நீண்டது. இடுப்பளவு நீரில் ஒருவர் வலை பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கொக்கு, அவரைப் போலவே அசையாமல். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். பத்தரை மணியளவில் இறங்கினேன்.

வழியில் கண்ட வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வீடுகளுக்குக் கூரை இல்லை, உள்ளே ஆலமரம். வேறு சிலவற்றுக்குப் புது மதில், புதுக் கேற், கேற்றில் பெரிய பூட்டு. உள்ளே ஆள் இல்லை. எது இடிந்த வீடு, எது திருத்திய வீடு என்று கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டிலும் அடுப்பு எரியவில்லை.

சந்தியில் ஐந்து கடைகள், எல்லாவற்றுக்கும் நீல நிறக் கதவு. கடைசிக் கடையை எடுத்தவர் தண்ணீர்க் கஷ்டம் தாங்காமல் சில மாதங்களிலேயே போய்விட்டாராம். எதிரே மின்கம்பத்தில் கமரா. நன்கொடை கொடுத்தவர்கள் தங்கள் கைபேசியிலேயே தெருவைப் பார்க்கலாம். எந்தக் கடை எந்த நாள் பூட்டியிருந்தது என்பதும் அதில் பதிவாகும்.

முதற்கடை சிவராசாவுடையது. பலசரக்கு, காஸ் சிலிண்டர், சைவப் பூசைச் சாமான், வாசலில் ஒரு தேநீர் மேசை. வயது ஐம்பதுக்குள் இருக்கும். சிறுவயதில் இடம்பெயர்ந்து போய், கிளிநொச்சியில் ஒரு இரும்புக்கடையில் சம்பளத்துக்கு நின்றவர். திட்டத்தைக் கேள்விப்பட்டதும் மனைவி யோகாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகளை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று.

"நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கிறியள், அண்ணை. இண்டைக்குத்தான் எனக்குப் பரிசீலனை. மத்தியானம் யாழ்ப்பாணத்தில இருந்து ஐயா வருவார்." கதிரையை இழுத்துப் போட்டார்.

"யாவாரம் எப்பிடி?"

"யாவாரம் பறவாயில்லை. இருபது நாளும் முடிஞ்சுது. அதுதான் பிரச்சினை."

"அவ்வளவு நாள் ஏன் பூட்டினனீங்கள்?"

பக்கத்துச் சைக்கிள் கடை விமலன் அதற்குள் தேநீருக்கு வந்து சேர்ந்திருந்தான். முப்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். அவன்தான் பதில் சொன்னான்.

"இவர் எங்க பூட்டினவர்? செத்த ஆக்கள்தான் பூட்டினவை. தபால்காரர் தம்பையா ஒரு நாள். வாத்தியாரம்மா ஒரு நாள். மழைக்காலத்தில ஒரே கிழமையில மூண்டு பேர். இஞ்ச மிச்சம் இருக்கிறதெல்லாம் எழுபது, எண்பது வயசு. கடை திறந்த நேரத்தில இருந்து வரிசையா வெளிக்கிடுதுகள்."

"வாயை மூடடா," என்றார் சிவராசா. பிறகு என்னிடம் சொன்னார்: "மனிசிக்கு டெங்கு வந்தப்பவும் நான் பூட்டேல்லை, அண்ணை. எல்லாம் செத்தவீட்டு நாள்தான். இனி ஒரு நாள் பூட்டினாலும் குத்தகை இல்லை."

அப்போதுதான் வீதியோரம் வெள்ளைக் கொடிகளைக் கவனித்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"செல்லையா அப்பு. நேற்று இரவு," என்றார். "பிள்ளையள் மூண்டும் வெளிநாடு. வர ஏலாதாம், வைச்சிருக்க வேண்டாம் எண்டிட்டினம். ரெண்டு மணிக்கு எடுக்கினம்."

சிறிது நேரம் காஸ் சிலிண்டர்களை நேராக்கினார். அவை முன்பே நேராகத்தான் இருந்தன.

"கடை திறந்த அண்டைக்கு முதல் யாவாரம் அந்த மனிசன்தான். ஒரு நெருப்புப்பெட்டி."

பன்னிரண்டு மணி கடந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. பரிசீலனைக்கு வந்தவர் தேவராசா, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடுமையான ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். ஆனால் அவர் மெதுவாகப் பேசும் மனிதர். கடையைச் சுற்றிப் பார்த்து, திகதி முடிந்த பிஸ்கற் பக்கற் ஒன்றுகூட இல்லாததைப் பாராட்டினார். பிறகு வெள்ளைக் கொடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"எனக்கு விளங்குது, சிவராசா. ஆனா விதி வைச்ச ஆக்களையும் நீர் விளங்கோணும். எங்கட அப்பப்பா தெற்கில, காலி நகரத்தில கடை வைச்சிருந்தவர். தாய் செத்துப் போனா எண்டு தந்தி வந்த அண்டைக்கும் அவர் கடை பூட்டேல்லை. அப்பிடி நிண்டுதான் அந்தத் தலைமுறை யாவாரம் செய்தது. அவையின்ரை பேரப்பிள்ளையள்தான் இந்த விதியை எழுதினவை."

சிவராசா தேநீர் மேசையைத் துடைத்தார்.

தேவராசா குரலைத் தாழ்த்தினார். "கதவைத் திறந்தபடி விட்டிட்டு ஆரையும் இருத்திப்போட்டுப் போம். ஒரு ரெண்டு மணித்தியாலம். கமராவுக்குக் கடை திறந்திருக்கும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

யோகா காலையிலேயே செத்தவீட்டுக்கு அயல்வீட்டில் சமைக்கப் போய்விட்டார். செத்தவீட்டில் இன்று அடுப்பு மூட்ட மாட்டார்கள். பிள்ளைகள் பள்ளியில். வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான் சும்மா இருந்தேன்.

"நான் இருக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கல்லாப்பெட்டியைப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்து என் பக்கம் நீட்டக்கூடச் செய்தார். அந்த நேரத்தில், செத்தவீட்டுக்குப் போயிருந்த விமலன் சைக்கிளில் திரும்பி வந்தான்.

"அண்ணை, வாகனம் தார் ரோட்டோட நிக்குமாம். சுடலைக்கு மணல், உள்ள போகாது. தூக்க ஐஞ்சு பேர்தான் நிக்கிறம். மற்றதெல்லாம் தங்களையே தூக்க ஏலாத ஆக்கள்."

சிவராசா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அண்ணை," என்றார் என்னிடம், "உங்களுக்குத் தோள் நோ ஒண்டும் இல்லையே?"

இல்லை என்றேன்.

"அப்ப நீங்களும் வாங்கோ. ஐயா, நீங்களும் ஒரு கை குடுங்கோ."

தேவராசா கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காரின் கதவோரம் குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினார். சிவராசா நீலக் கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டும்போது கம்பத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான்தான் கமராவைத் திரும்பிப் பார்த்தேன். மற்ற மூன்று கதவுகளும் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன.

செத்தவீட்டில் அழ ஆட்கள் இருந்தார்கள், எல்லாரும் முதியவர்கள். ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். திரையில் மூன்று சிறு சதுரங்களில் பிள்ளைகளின் முகங்கள். மூத்த மகனுக்கு அங்கே விடியவில்லை, அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரும் நிதியத்துக்குப் பணம் கொடுத்தவர்தான் என்று பிறகு விமலன் சொன்னான்.

தார் வீதியிலிருந்து சுடலை வரை கால் புதையும் மணல். எனக்கு முன்னால் தேவராசா, அவருக்கு முன்னால் சிவராசா. எனக்கு முகம் தெரியாத மனிதர் ஒருவரை நான் சுமந்தேன். இடையில் விமலன், "அப்பு, உயிரோட இருக்கேக்க இவ்வளவு பாரம் இல்லையே நீர்," என்று பாடையைப் பார்த்துச் சொன்னான். யாரும் கோபிக்கவில்லை. ஒரு முதியவர் சிரித்தார், பிறகு அழுதார். உடலை இறக்கிய இடத்தில் கடல் மிகக் கிட்ட இருந்தது.

திரும்பி வரும்போது ஒரு கிணற்றடியில் கால் கழுவினோம். வாளியை வாங்கும்போது சிவராசா தேவராசாவிடம் கேட்டார்.

"ஐயா, உங்கட அப்பப்பா அண்டைக்குக் கடை பூட்டேல்லை எண்டியள். அப்ப அவரின்ரை தாயை ஆர் தூக்கினது?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. அறிய விரும்பிக் கேட்பது போலத்தான் கேட்டார். தேவராசா, கழுவிய கால்களில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

காரில் ஏறும்போது மட்டும், "நான் நல்லாத்தான் எழுதுவன்," என்றார்.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பினேன். மறுநாள் நயினாதீவுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வரும் எண்ணம் இருந்தது. செத்தவீட்டுக்குப் போய் வந்ததால் கைவிட்டேன். சந்தியைக் கடந்தபோது நான்கு கதவுகளும் பூட்டியே இருந்தன. அன்று முழுவதும் திறப்பதில்லை என்பது அங்கே வழக்கம்.

தேவராசா நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறார். பலன் இல்லை. ஆனி மாத முடிவில் சிவராசா தொலைபேசியில் சொன்னார். நிதியத்தார் அவர் மீது குறை ஒன்றும் சொல்லவில்லை, அன்பாகவே பேசினார்களாம். ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்றார்களாம். அடுத்த பரிசீலனை விமலனுக்கு. அவன் அதற்குக் காத்திராமல் வேலணைக்குப் போய்விட்டான். மற்ற இரண்டு கடைக்காரரும் அவனைப் போலவே கிளம்பினார்கள்.

நான் எங்கள் கடைக்காரர்களுக்கு அறிக்கை எழுதினேன். திட்டம் நல்லது, ஆனால் செத்தவீட்டுக்காகப் பூட்டும் நாளைத் திறந்த நாளாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். கூட்டத்தில் எல்லாரும் தலையசைத்தார்கள். ஒருவர் மட்டும், "அதை எப்பிடிச் சரிபாக்கிறது?" என்று கேட்டார். அந்த வரியை எடுத்துவிட்டார்கள். எடுக்க வேண்டாம் என்று நானும் பலமாகச் சொல்லவில்லை. அதே மாதம் எங்கள் தெருத் தையற்காரர் இறந்தபோது, அவருடைய படம் போட்ட பெரிய பதாகையைக் கட்டினோம். எதிர்க் கடையில் வியாபாரம் வழக்கம் போல நடந்தது. அன்று அங்கேதான் நான் பேனை வாங்கினேன்.

ஆவணியில் சிவராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுபடியும் கிளிநொச்சி இரும்புக்கடையில் நிற்கிறார். முந்தின நாள்தான் தீவுக்குப் போய் வந்திருந்தார்.

"சுந்தரம்பிள்ளை மாமா போயிட்டார், அண்ணை. முதல் பஸ்ஸிலேயே போனனான். முதலாளி ஒரு நாள் சம்பளம் வெட்டுவார், பறவாயில்லை."

"தூக்க ஆக்கள் இருந்தினமோ?"

"யாழ்ப்பாணத்தில இருந்து நாலு பேரைக் கூலிக்குக் கூட்டி வந்தவை. நல்ல பெடியள். ஆனா மாமாவை அவைக்குத் தெரியாதெல்லே."

கமரா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஓம், அண்ணை. இரவில அதுக்குள்ள ஒரு சிவப்பு லைற் எரியும். சந்தியில இப்ப அது ஒண்டுதான் வெளிச்சம்."